பிடித்த உலோகத்தை எங்கே வைப்பது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



கழிவுப் பொருள்களைக் கொண்டு தண்ணீரிலுள்ள கன உலோகங்களை நீக்குவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த பாலாற்றுப் பகுதியில் வேதியியல் படிப்பவர்களுக்கு இது புதிய பொருள் இல்லை. இந்த அவையில் உள்ள முதுகலை மாணவர்களில் சிலராவது உமியையோ நார்த்தூளையோ புளியங்கொட்டையையோ பொடித்து, உலோகக் கரைசலில் போட்டுக் குலுக்கிப் பார்த்திருப்பீர்கள். உலகெங்கும் இதைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்துவிட்டன. ஒரு பக்கம் குப்பை குறைகிறது, மறுபக்கம் தண்ணீர் தூய்மையாகிறது என்ற எண்ணம் யாருக்கும் பிடித்துப்போகும். எனக்கும் பிடிக்கும். இந்தத் துறை வளர வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. உலோகத்தைப் பிடிக்கும் பொருளான உறிஞ்சியின் தகுதியை அது கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் உலோகம் பிடிக்கிறது என்பதை வைத்து மட்டும் தீர்மானிக்கக் கூடாது. பிடித்த உலோகத்தைக் கடைசியில் எங்கே கொண்டுபோய் வைக்கிறது, அங்கே அது எவ்வளவு காலம் அசையாமல் இருக்கும் என்பதே முதல் கேள்வி. இதை ஏழு பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. உலோகம் அழிவதில்லை

சாக்கடை நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிரிகள் தின்று செரித்துவிடும். பூச்சிமருந்து கூடக் காலப்போக்கில் சிதையும். ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், ஆர்சனிக் ஆகியவை தனிமங்கள். அவற்றைச் சிதைக்க எந்த உயிரியாலும் எந்த உலையாலும் முடியாது. அவற்றின் வடிவத்தை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், அவ்வளவுதான்.

அந்த வடிவ மாற்றமே சில நேரம் உயிர் காக்கும், சில நேரம் உயிர் குடிக்கும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஓர் ஆலை கொட்டிய பாதரசம் மெத்தில் பாதரசமாக மீனுக்குள் போய், மீன் தின்றவர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. 1956-இல் அந்த நோய் வெளியே தெரிந்தது. அதே நாட்டில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவிலிருந்து வந்த காட்மியம் நெல்வயலுக்குப் பாய்ந்து, முதிய பெண்களின் எலும்புகளை நொறுக்கியது. நோவு தாங்காமல் அவர்கள் அலறியதே அந்த நோய்க்குப் பெயரானது.

நம் பக்கத்தில் குரோமியம். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் தண்ணீரில் எளிதில் கரையாது, நச்சுத்தன்மையும் குறைவு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நன்றாகக் கரையும், மண்ணில் ஓடும், புற்றுநோயை உண்டாக்கும். ராணிப்பேட்டையில் குரோமேட் உப்பு தயாரித்த தொழிற்சாலை ஒன்று 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை போனது, லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு அங்கேயே மலையாகக் கிடந்தது. மழை பெய்யும் போதெல்லாம் அதிலிருந்து குரோமியம் நிலத்தடி நீருக்கு இறங்கியது. உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று 2006-இல் வெளியான பட்டியலில் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. ஆலையை மூடினால் மாசு நிற்கும் என்று நினைப்போருக்கு அந்தக் கழிவு மேடு ஒரு பாடம். உலோகத்தை நாம் எங்கே விட்டுப்போகிறோமோ, அங்கிருந்து அது தன் வேலையைத் தொடர்கிறது.

2. கழிவு எப்படி உலோகத்தைப் பிடிக்கிறது

உலோகம் கலந்த நீரைச் சுத்திகரிக்கப் பழைய வழி சுண்ணாம்பு போடுவது. உலோகம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு அடியில் படியும். லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உலோகம் உள்ள நீருக்கு இது நல்ல வழி. சில மில்லிகிராமுக்குக் கீழே போனால் சுண்ணாம்பின் பிடி தளர்ந்துவிடும். இந்தியக் குடிநீர்த் தர விதிப்படி லிட்டருக்கு ஈயமும் ஆர்சனிக்கும் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001, குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தொழிற்சாலைக் கழிவுநீரை ஆற்றில் விடும்போது மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராம் வரை அனுமதி. இரண்டுக்கும் இடையே நாற்பது மடங்கு வித்தியாசம். அந்த இடைவெளியில்தான் உறிஞ்சிக்கு வேலை.

பாடநூலில் நீங்கள் படித்த பரப்புக்கவர்தல்தான் இது. தாவரக் கழிவின் செல்லுலோஸ், லிக்னின், பெக்டின் ஆகியவற்றில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. அமிலம் குறைந்த நீரில் அவை எதிர்மின்னேற்றம் பெற்று, ஈயம், செம்பு, காட்மியம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் சிட்டோசானில் அமீன் தொகுதிகள் உள்ளன; செம்பு போன்றவற்றை அவை வலுவாகப் பற்றும். மீன் எலும்பிலும் மாட்டெலும்பிலும் உள்ள பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து புதிய கனிமமாகவே மாறிவிடும். இரும்புத் துரு ஆர்சனிக்கைப் பிடிக்கும். கந்தகம் ஏற்றிய கரி பாதரசத்தைப் பிடிக்கும்.

எல்லா உலோகத்துக்கும் ஒரே கழிவு போதும் என்று சொல்லும் கட்டுரையை நம்ப வேண்டாம். ஈயம் நேர்மின் அயனி, குரோமேட் எதிர்மின் அயனி. ஒன்றை இழுக்கும் பரப்பு மற்றொன்றைத் தள்ளும். நல்ல கிளர்வூட்டிய சிரட்டைக்கரிகூட இதற்கு விலக்கில்லை. அதன் நுண்துளைகள் குளோரினையும் கரிமச் சேர்மங்களையும் அள்ளும். வெறும் கரி உலோக அயனிகளிடம் அந்த வேகத்தைக் காட்டாது. அமிலத்தால் ஆக்சிஜனேற்றம் செய்தோ கந்தகம் ஏற்றியோதான் அதைத் தயார்ப்படுத்த வேண்டும்.

3. குடுவையும் வாய்க்காலும்

நம் ஆய்வகங்களில் நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். காய்ச்சி வடித்த நீரில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்து, லிட்டருக்கு 50 அல்லது 100 மில்லிகிராம் கரைசல் செய்கிறோம். கூம்புக் குடுவையில் 100 மில்லி ஊற்றி, ஒரு கிராம் பொடியைப் போட்டு, அமிலம் சேர்த்து பி.எச். 2-க்குக் கொண்டுவந்து, குலுக்கியில் வைக்கிறோம். வடித்த நீரில் எஞ்சிய குரோமியத்தை அளக்கிறோம். உறிஞ்சும் திறனைக் கணக்கிடும் லாங்மியூர் சமன்பாட்டில் புள்ளிகள் நேர்கோட்டில் விழுகின்றன. 98 விழுக்காடு நீக்கம் என்று எழுதுகிறோம். கட்டுரையின் முதல் பத்தியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய கவலை இருக்கும்.

தோல் பதனிடுவதில் பயன்படுவது காரக் குரோமியம் சல்பேட். அந்தக் கழிவுநீரில் இருப்பது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம். நாம் குடுவையில் போட்டதோ ஆறு இணைதிறன் குரோமியம். மின்முலாம் பட்டறையிலும் குரோமேட் ஆலையிலும் வருவது. ஆக, எந்த நோய்க்கு மருந்து தேடினோமோ அந்த நோயாளி குடுவைக்குள் இல்லவே இல்லை.

அடுத்தது, பி.எச். 2. ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் நீரை அந்த அளவுக்கு அமிலமாக்க, நீரிலுள்ள காரத்தன்மையைக் கணக்கில் சேர்க்காமலே ஏறக்குறைய அரை டன் கந்தக அமிலம் வேண்டும். பிறகு அதை நடுநிலையாக்க எரிசோடாவோ சுண்ணாம்போ வேண்டும். இரண்டும் சேர்ந்து, ஏற்கெனவே உப்புக் கரிக்கும் நீரில் மேலும் உப்பை ஏற்றும். உப்பேறிய கிணறுகளால் விவசாயம் இழந்த பாலாற்றங்கரை மக்களிடம் இதைத் தீர்வு என்று சொல்ல முடியுமா?

அமிலத்தில் போட்ட தாவரப் பொடி குரோமியத்தைப் பிடிக்கிறது என்று பல காலம் எழுதினோம். நடப்பது பெரும்பாலும் ஒடுக்கம் என்பதைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2000-களில் தெளிவாகக் காட்டினார்கள். பொடியிலுள்ள கரிமப் பொருள் எலக்ட்ரானைக் கொடுத்து, ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறனாக மாற்றுகிறது. அதில் ஒரு பங்கு பொடியில் ஒட்டுகிறது, மறு பங்கு நீரிலேயே தங்குகிறது. ஆறு இணைதிறன் குரோமியத்தை மட்டும் அளந்தவருக்கு எல்லாம் நீங்கியது போலத் தெரியும். மொத்தக் குரோமியத்தையும் அளந்தால்தான் எது எங்கே போனது என்று தெரியும்.

உண்மையான கழிவுநீரில் வேறு தொல்லைகளும் உண்டு. உலோகம் ஒட்ட வேண்டிய இடங்களைக் கால்சியமும் மக்னீசியமும் பிடித்துக்கொள்ளும். உறிஞ்சியை நிரப்பி நீரை ஓடவிடும் குழாய்த் தூணை நுண்பொடி அடைத்துவிடும். கழுவாத நார்த்தூளை நிரப்பிய தூணிலிருந்து முதலில் வருவது டானின் கரைந்த பழுப்பு நீர். உலோகத்தை எடுத்துவிட்டுக் கரிம மாசைச் சேர்த்த நீர். உறிஞ்சும் திறனோ செறிவைப் பொறுத்தது. 100 மில்லிகிராம் கரைசலில் கிடைத்த திறன், 0.05 மில்லிகிராமை எட்ட வேண்டிய இடத்தில் அதில் சிறு பங்காகச் சுருங்கிவிடும்.

4. கழிவு என்பதாலேயே மலிவு ஆகாது

விலை குறைந்த உறிஞ்சிகளைப் பற்றி பெய்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதி 1999-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு இந்தத் துறையில் பலரும் எடுத்துக்காட்டுவது. செலவுக் கணக்கை யாரும் பெரும்பாலும் தருவதில்லை என்று அதிலேயே குறிப்பிட்டார்கள். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் தென்னை நார்த்தூளிலிருந்து கரி செய்து, உலோகங்களையும் சாயங்களையும் நீக்கும் ஆய்வை நெடுங்காலம் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகளின் வெளியே நார்த்தூள் குன்றுகளாகக் கிடந்தது, எடுத்துப்போக ஆளில்லை. இன்று அதே நார்த்தூளைக் கழுவி, அழுத்திக் கட்டியாக்கி, செடி வளர்க்கும் ஊடகமாக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். சிரட்டைக்கும் சந்தை விலை வந்துவிட்டது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி; அதை அரிசி ஆலைகளே கொதிகலனுக்கு எரித்துக்கொள்கின்றன. எஞ்சுவது உமிச்சாம்பல்தான். இலவசம் என்று எழுதிய பொருளை வாங்கப் போகும் நாளில் அதற்கு விலை இருக்கும்.

கழிவைப் பக்குவப்படுத்தும்போது பிறக்கும் கழிவையும் எண்ண வேண்டும். இறால் ஓட்டிலிருந்து சிட்டோசான் எடுக்கச் சுண்ணாம்புச் சத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கரைக்க வேண்டும், புரதத்தை எரிசோடாவால் நீக்க வேண்டும், பிறகு அடர் எரிசோடாவில் சூடாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கழிவுநீர் வருகிறது. சிரட்டையைத் திறந்த குழியில் சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைத்தால், புகை ஊருக்குள்ளும் அந்தத் தண்ணீர் கிணற்றுக்கும் போகும்.

சில கழிவுகளுக்குள்ளேயே உலோகம் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பலில் ஆர்சனிக், குரோமியம், ஈயம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கலந்த அவலத்தைக் கண்ட நாம், அந்தச் சாம்பலை நீர் சுத்திகரிக்கப் போடும் முன் அதிலிருந்து என்ன கசிகிறது என்று சோதிக்காமல் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது.

5. குஷ்தியாவின் இரண்டு வாளிகள்

இத்தனை தடைகளையும் கடந்து மக்களின் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்த ஒன்றைப் பார்ப்போம். பங்களாதேஷில் குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க, 1970-களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. அந்த நீரில் ஆர்சனிக் இருப்பது 1993-இல் தெரியவந்தது. அதற்குள் கோடிக்கணக்கான மக்கள் அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்தது. ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வந்தது.

குஷ்தியா நகரைச் சேர்ந்த அபுல் ஹுசாம், அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். மருத்துவரான சகோதரருடன் சேர்ந்து அவர் உருவாக்கியது சோனோ வடிகட்டி. மூன்று பானைகளை அடுக்கி வடிக்கும் ஊர் வழக்கத்திலிருந்து தொடங்கி, பிறகு இரண்டு வாளிகளாக அது செம்மைப்பட்டது. மேல் வாளியில் ஆற்று மணல், அதன் நடுவே வார்ப்பிரும்புச் சீவலைப் பக்குவப்படுத்திச் செய்த இரும்புப் படுகை, செங்கல் ஜல்லி. கீழ் வாளியில் மணல், மரக்கரி, மறுபடி செங்கல் ஜல்லி. மின்சாரம் வேண்டாம், மருந்து கலக்க வேண்டாம். கிணற்று நீரை மேலே ஊற்றினால் கீழே குழாயில் குடிநீர் வரும்.

லேத் பட்டறையில் வார்ப்பிரும்பைக் கடையும்போது சுருண்டு விழும் சீவலே இதன் உயிர். நீர் படப்பட இரும்பின் மேல் துரு உண்டாகிறது. மூன்று இணைதிறன் ஆர்சனிக் அங்கே ஐந்து இணைதிறனாக மாறி, துருவின் பரப்போடு வேதிப் பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. இரும்பு தொடர்ந்து துருப்பிடிப்பதால் புதிய பரப்பு வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. அமெரிக்கப் பொறியியல் அகாடமி 2007-இல் இதற்குக் கிரெய்ஞ்சர் விருதின் முதல் பரிசாக 10 லட்சம் டாலர் வழங்கியது. பரிசுத் தொகையின் பெரும்பகுதியை ஹுசாம் வடிகட்டிகளை மக்களுக்குக் கொடுக்கவே செலவிட்டார்.

நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு சிட்டோசானோடு இரும்பு ஆக்சி-ஹைட்ராக்சைடைச் சேர்த்து ஆர்சனிக் நீக்கும் நானோ பொருளைச் செய்தது. அம்ரித் என்ற பெயரில் மேற்கு வங்காளம் உள்ளிட்ட மாநிலங்களில் அது நிறுவப்பட்டிருக்கிறது. இதிலும் ஆர்சனிக்கைப் பிடிப்பது இரும்பே. இறால் ஓட்டின் வழி வரும் சிட்டோசான் அதைச் சிதறாமல் தாங்குகிறது.

இரண்டிலும் பொதுவாக ஒன்று உண்டு. இவற்றைச் செய்தவர்கள் கழிவிலிருந்து தொடங்கவில்லை, நீரிலிருந்து தொடங்கினார்கள். எந்த ஊர், எந்தக் கிணறு, அதில் ஆர்சனிக்கோடு இரும்பும் பாஸ்பேட்டும் எவ்வளவு என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்ற பொருளைத் தேடினார்கள்.

6. வங்காளத்து மண் சொல்லும் பாடம்

என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன்.

வங்காளத்து நிலத்தடி நீரில் ஆர்சனிக் எப்படி வந்தது? எந்தத் தொழிற்சாலையும் கொட்டவில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டல் மணலின் மேல் இரும்புத் துரு படிந்திருந்தது. அந்தத் துரு ஆர்சனிக்கைப் பிடித்துவைத்திருந்தது. பிறகு அந்த வண்டல் மண்ணடியில் புதைந்தது. கூடவே புதைந்த தாவர மக்கை நுண்ணுயிரிகள் தின்று, அங்கிருந்த ஆக்சிஜனைத் தீர்த்தன. ஆக்சிஜன் தீர்ந்ததும் துருவிலுள்ள இரும்பையே ஒடுக்கத் தொடங்கின. துரு கரைந்தது, அது பிடித்துவைத்திருந்த ஆர்சனிக் நீரில் இறங்கியது.

வேறு சொற்களில் சொன்னால், வங்காளச் சமவெளியே பயன்படுத்தித் தீர்ந்த ஓர் உறிஞ்சிப் படுகை. இயற்கை செய்த இரும்பு உறிஞ்சி, தவறான சூழலில் புதைக்கப்பட்டபோது தான் பிடித்ததையெல்லாம் கக்கிவிட்டது. அதே ஆர்சனிக்கை அதே இரும்பால் பிடித்து, தீர்ந்த இரும்பைச் சாணக் குழியிலோ குளத்துச் சேற்றிலோ போட்டால், அதே வேதியியல் நடக்கும். வீட்டைப் பெருக்கிக் குப்பையை அடுத்த அறைக்குத் தள்ளியதாகவே அது முடியும்.

இந்த ஆபத்தை உணர்ந்து செயல்பட்டவர் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகப் பேராசிரியர் அரூப் சென்குப்தா. அதே 2007-இல் கிரெய்ஞ்சர் விருதின் இரண்டாம் பரிசு அவருடைய குழுவுக்குக் கிடைத்தது. மேற்கு வங்காளக் கிராமங்களில் கைப்பம்புக் கிணறுகளோடு உறிஞ்சித் தூண்களை இணைத்தார்கள். தூண் தீர்ந்ததும் உறிஞ்சியை எறியவில்லை. ஓரிடத்துக்குக் கொண்டுபோய்க் காரத்தால் கழுவி, மீண்டும் பயன்படுத்தினார்கள். கழுவிய நீரிலுள்ள ஆர்சனிக்கை இரும்போடு சேர்த்துச் சிறிதளவு சேறாக்கி, காற்றோட்டமுள்ள பருமணல் படுகையின் மேல் வைத்தார்கள். காற்றோட்டம் இருக்கும்வரை இரும்பு ஒடுங்காது, ஆர்சனிக் வெளியேறாது. பிடித்ததை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இவர்கள் திட்டத்தின் தொடக்கத்திலேயே விடை வைத்திருந்தார்கள்.

நம் நிலத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் கழிவுநீர், அதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குரோமியம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2 கிலோ குரோமியம். நடைமுறையில் உறிஞ்சி கிராமுக்கு 10 மில்லிகிராம் பிடிக்கும் என்று தாராளமாகவே வைப்போம். நாளுக்கு 200 கிலோ உறிஞ்சி வேண்டும். ஆண்டுக்கு 73 டன். அந்த 73 டன்னும் குரோமியம் ஏறிய தாவரப் பொடி. அதுவும் உலர்ந்த எடை. ஈரத்தோடு இன்னும் பல மடங்கு. உரமாக வயலில் போட்டால் உணவுக்குள் போகும். சூளையில் எரித்தால் கரி போய்ச் சாம்பலில் குரோமியம் செறியும். சுண்ணாம்பு உள்ள சாம்பலில் காற்றோடு எரியும்போது மூன்று இணைதிறன் குரோமியம் ஆறு இணைதிறனாகத் திரும்பிவிடக்கூடும். பொடி பிடித்தது காட்மியமோ ஈயமோ ஆர்சனிக்கோ ஆனால், அது புகையோடு போகும். மேடாகக் கொட்டிவைத்தால் அது இன்னொரு ராணிப்பேட்டை. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாப்பான நிரப்பிடத்துக்கு அனுப்பினால் ஒவ்வொரு டன்னுக்கும் கட்டணம் கட்ட வேண்டும்; 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி கணக்கும் காட்ட வேண்டும். மலிவான உறிஞ்சி என்று எழுதியவர் இந்தக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்திருப்பாரா?

7. மூன்று நல்ல முடிவிடங்கள்

இதற்காகக் கை ஓய்ந்து உட்கார வேண்டியதில்லை. உலோகத்துக்கு மூன்று நல்ல முடிவிடங்கள் இருக்கின்றன.

முதலாவது, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவது. சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் குரோமிய மீட்பு முறையைத் தோல் ஆலைகளுக்குக் கொண்டுவந்தது. பதனிட்ட தொட்டியின் நீரை மற்ற நீரோடு கலக்க விடாமல் தனியே பிடித்து, மக்னீசியம் ஆக்சைடால் குரோமியத்தைத் திரட்டி, கந்தக அமிலத்தில் கரைத்து, மறுபடி பதனிடவே பயன்படுத்துகிறார்கள். இங்கே உறிஞ்சி எதுவும் இல்லை. ஆனால் உறிஞ்சிக்கு வரும் சுமை பெருமளவு குறைகிறது. மின்முலாம் பட்டறையின் அலசு நீரில் நிக்கலோ செம்போ தனியாக இருக்கும்போது, உறிஞ்சியில் பிடித்து, அமிலத்தால் இறக்கி, மீண்டும் முலாம் தொட்டிக்கே அனுப்ப முடியும். பல உலோகங்கள் கலந்துவிட்டால் இந்த வழி அடைபடும். ஆகவே கலக்காமல் பிரித்து வைப்பதே முதல் சுத்திகரிப்பு.

இரண்டாவது, அசையாத கனிமமாக மாற்றுவது. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் ஒரு குடியிருப்பின் மண்ணில் ஈயம் மிகுந்திருந்தது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011-இல் அங்கே மீன் எலும்புத் தூளை மண்ணோடு கலந்தது. எலும்பின் பாஸ்பேட்டும் ஈயமும் சேர்ந்து பைரோமார்பைட் என்ற கனிமமாயின. மண்ணைத் தின்ற குழந்தையின் வயிற்றில்கூட அது எளிதில் கரையாது. மீன் ஆலைக் கழிவு ஈயத்தைக் கல்லாக்கியது. கடற்கரை நெடுக மீன் பதப்படுத்தும் நமக்கு இந்த வழி திறந்தே இருக்கிறது.

மூன்றாவது, எதுவும் இயலாதபோது, உலோகத்தை மிகச் சிறிய கன அளவுக்குச் செறிவாக்கி, ஒடுக்கமும் கசிவும் நேராத இடத்தில் காவலோடு வைப்பது. 73 டன் பொடியை ஈரத்தோடு வைப்பதைவிடச் சில டன் இரும்புச் சேற்றை வைப்பது எளிது. அதற்கும் ஆண்டுதோறும் யாராவது போய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களிடமும் உங்கள் நெறியாளர்களிடமும் நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த முறை ஓர் உறிஞ்சியைப் பற்றி ஆய்வேடு எழுதும்போது நான்கு செயல்களைச் செய்யுங்கள். குடுவையில் ஊற்றும் நீரைச் சுத்திகரிக்க நினைக்கும் இடத்திலிருந்தே எடுத்து வாருங்கள். ஓர் இணைதிறனை மட்டும் அளக்காமல் உலோகத்தின் மொத்த அளவையும் அளந்து, உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒட்டியதும் கூட்டினால் சரியாக வருகிறதா என்று பாருங்கள். தீர்ந்த பொடியை அமிலத்திலும், காற்றில்லாத சேற்றிலும் மாதக்கணக்கில் ஊறவைத்துக் கசிவைச் சோதியுங்கள். ஆர்சனிக்குக்கு ஒரு நாள் அமிலச் சோதனை போதாது, காற்றில்லாத நிரப்பிடத்தில் அது காட்டியதைவிடக் கூடுதலாகக் கசியும். கடைசியாக, தீர்ந்த பொருளுக்கு என்ன ஆகும், யார் எடுத்துச் செல்வார், என்ன செலவாகும் என்று ஒரு முழு இயல் எழுதுங்கள். ஆய்வேட்டை மதிப்பிடும் பேராசிரியர்களே, அந்த இயல் இல்லாத ஏட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும், தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்ற கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. இந்த மண்ணின் மக்கள் நாட்டுக்கு வாங்கித் தந்த தீர்ப்பு அது. ஆலைக்காரருக்குச் சொன்ன அந்த இரண்டாம் கொள்கை ஆய்வாளருக்கும் பொருந்தும். நாம் கண்டுபிடித்துத் தரும் பொருள் நாளை இன்னொரு கிணற்றைக் கெடுக்காது என்று உறுதி சொல்லும் பொறுப்பு நம்முடையது. அந்த உறுதியோடு வெளிவரும் ஓர் உறிஞ்சி, பாலாற்றங்கரையில் ஒரே ஓர் ஊரின் குடிநீரைக் காத்தாலும், இதுவரை வந்த கட்டுரைகளை எல்லாம் விட அது பெரிது. அதை இந்தப் பல்கலைக்கழகத்திலேயே செய்ய முடியும் என்று நம்புகிறேன்.